கழுத்துக்குக் கீழே

அன்று அவன் போட்டிருந்தது இளநீலச் சட்டையா, சாம்பல் நிறச் சட்டையா என்று இப்போது எனக்கு உறுதியாகச் சொல்ல வரவில்லை. இளநீலம் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டுச் சாம்பல் என்று எழுதினேன். இப்போது அதையும் அடித்திருக்கிறேன். நடந்தவை என் நினைவில் வரிசையாக நிற்பதில்லை, படித்தவைதான் நிற்கும். ஆகவே ஐயா, இந்த வாக்குமூலத்தில் தேதிகள் முன்பின்னாக இருந்தால் மன்னிக்க வேண்டும். பக்க எண்கள் எல்லாம் சரியாக இருக்கும்.

விசாரணை அதிகாரி என்ற முறையில், எங்கள் அலுவலகத்தில் என்னதான் வேலை நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பயணிகள் பேருந்துகளில் விட்டுவிட்டுப் போகும் பொருள்கள் எங்களிடம் வரும். பணிமனையின் பின்பக்கம், பேருந்து கழுவும் இடத்தை ஒட்டிய நீளமான அறை. இரண்டு மேசைகள், நான்கு இரும்பு அடுக்குகள், ஒரு மின்விசிறி. முதல் அடுக்கில் குடைகள். இரண்டாவதில் பைகள். மூன்றாவதில் ஒற்றைச் செருப்புகள், கண்ணாடிகள், யாரும் கேட்டு வராத மூன்று பல் செட்டுகள். நான்காவதில் புத்தகங்கள். எல்லாவற்றையும் ஆறு மாதம் வைத்திருப்போம். அதற்குப் பிறகு புத்தகங்கள் காகிதக் கூழாக்கப் போய்விடும். போவதற்குள் நான் அவற்றைப் படித்துவிடுவேன். இதில் விதிமீறல் எதுவும் இல்லை. உரிமையாளரின் பெயர் இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டியது என் கடமை. சிலர் பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறார்கள்.

எனக்கு வேண்டியதெல்லாம் அமைதி. ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர்தான் எங்கள் கதவைத் தட்டுவார்கள். அந்த வேலையை நான் விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டதே அதற்காகத்தான். பதினொரு ஆண்டுகள் அந்த அறையில் தனியாக இருந்தேன். பிறகுதான் அடுத்த மேசைக்கு அவனைப் போட்டார்கள்.

அவனைப் பணிமனையில் எல்லோரும் வானொலி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுநர்கள் வைத்த பெயர். காலையில் பூட்டைத் திறக்கும்போதே ஒலிபரப்பு தொடங்கிவிடும்.

"அண்ணே, இந்தக் குடையைப் பாருங்களேன். பிடி வாத்துத் தலை மாதிரி இருக்கு. வாத்தோட கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படிண்ணே மழையில நடப்பான்? நானா இருந்தா அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் நடப்பேன். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அது அவனுக்கு ஒரு தடையே அல்ல.

"அதுவும் நியாயம்தான்" என்பான். "நீங்க சொல்ற கோணத்துல நான் யோசிக்கல."

அவன் கெட்டவன் இல்லை. இதை அழுத்தமாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான். நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் விட்ட பிறகும் உட்கார்ந்திருந்தான். ஆனால் அவன் வந்த பிறகு நான் ஒரு நாளைக்குப் படித்தது சராசரியாக ஆறு பக்கம். அதற்கு முன்னால் எண்பது. எழுபத்துநான்கு பக்கங்கள் எங்கே போயின என்பதை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

தையற்காரி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று அறையில் நான்கு நிமிடம் வானொலியின் சத்தமே இல்லை. பணிமனை வாசலுக்கு எதிரே துணி ஆல்டர் செய்யும் கடை ஒன்று இருக்கிறது. ஒரு தையல் இயந்திரம், ஒரு நாற்காலி, மடிப்புத் தைத்த பேன்ட்கள் தொங்கும் ஒரு நீளக் கம்பி, அவ்வளவுதான் கடை. அதை நடத்துபவள் அவள். முப்பது வயது இருக்கும். பேருந்தில் ஒரு பொட்டலத்தை விட்டுவிட்டாள்.

"ஒம்போது பேன்ட், ஒரு அளவு நாடா. வந்துச்சா?"

வானொலி எழுந்து நின்றான். பொட்டலத்தை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினான். கையெழுத்து வாங்க மறந்துபோனான்.

அவள் என் பக்கம் திரும்பி, "இவரு பேசமாட்டாரா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருந்தால் அந்த அமைதி கெட்டிருக்கும்.

அவள் போன பிறகு ஆறு வாரம் அவளைப் பற்றியே பேசினான். அவள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் விதம். அவள் ஊசியை உதட்டில் கடித்துக்கொண்டே சிரிக்கும் விதம். பிறகு வாயிற்காவலர் மூலம் ஒரு செய்தி கிடைத்தது. அவளுடைய அண்ணன் வேறு ஊரில் பெரிய கடை திறக்கிறாராம். இன்னும் இரண்டு மாதத்தில் இவளும் அங்கே போய்விடுவாளாம்.

"இங்கேயே இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லையேன்னு சொன்னாங்களாம் அண்ணே. அந்தக் காரணம் நானா இருக்கக் கூடாதா? போய்ச் சொல்லிடலாம்தான். ஆனா இந்தச் சட்டையோட எப்படிண்ணே போய் நிக்கிறது? அவங்க துணியைப் பாத்துதானே ஆளை எடை போடுவாங்க. இதைப் பாத்தா, கம்பியில மாட்டாம விட்டுட்டோமேன்னு எடுத்து மாட்டிடுவாங்க."

அவன் சட்டை உண்மையிலேயே மோசம். அவனுடைய இரண்டு மாதம் அப்படித்தான் தொடங்கியது.

இணையத்தில் அவன் சேர்ந்த குழுவின் பெயர் 'கழுத்துக்குக் கீழே'. ஆண்கள் ஒருவருக்கொருவர் உடை பற்றி யோசனை சொல்லும் இடம். நாற்பதாயிரம் பேர். காலையில் உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று படம் எடுத்துப் போடுவார்கள். மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். அங்கே ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. முகம் தெரியக் கூடாது. படத்தைக் கழுத்தோடு வெட்டிவிட வேண்டும். முகம் தெரிந்தால் இவர் அழகர், இவர் வயதானவர், இவர் நம் மாமா மாதிரி இருக்கிறார் என்று ஏதாவது ஒரு தயவு தாட்சண்யம் வந்துவிடும், துணியைப் பற்றிய உண்மை வராது என்பது குழுவைத் தொடங்கியவரின் கொள்கை. ஆகவே தினமும் காலையில் தலையில்லாத ஆண்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நின்று, தங்கள் இடுப்புப் பட்டை காலணிக்குப் பொருந்துகிறதா என்று உலகத்தைக் கேட்பார்கள்.

இந்த விதியை நான் வைக்கவில்லை. எனக்குத் தண்டனை நிர்ணயிக்கும்போது தயவுசெய்து இதைக் கவனத்தில் கொள்ளவும்.

வானொலி தன் பெயரைப் 'புதுமுகம்' என்று வைத்துக்கொண்டான். முகமே காட்டக் கூடாத இடத்தில் அப்படி ஒரு பெயர் வைக்க அவனால்தான் முடியும். "நீங்களும் சேருங்கண்ணே, சேர்ந்து என் படத்தைப் பாருங்க" என்று என் கைபேசியை வாங்கி, செயலியைத் தரவிறக்கிக் கொடுத்தான். பெயர் மட்டும் நானே வைத்துக்கொண்டேன். 'பழைய பொத்தான்'. என்ன பெயர் வைத்தேன் என்று அவன் கேட்டான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அவனுக்குச் சந்தேகத்தைத் தரவில்லை. நான் எதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் குழுவில் எல்லோரும் அரை நிமிடத்தில் பதில் போடுவார்கள். நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு நான்கு வார்த்தை எழுதுவேன். ஒரு மாதத்துக்குள் என்னைப் பெரியவர் என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். தாமதமாகப் பேசுபவனுக்கு விஷயம் தெரியும் என்று மனிதர்கள் நம்புகிறார்கள். நான் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவன் படத்துக்கு நான் முதன்முதலில் எழுதியது நேர்மையான கருத்து. "காலர் தொளதொளவென்று இருக்கிறது. பொத்தானைக் கால் அங்குலம் தள்ளித் தைக்கவும்." மறுநாளே அவன் எதிர்க் கடைக்குப் போய்த் தைத்துக்கொண்டு வந்தான். மேல் பொத்தானைப் போட்டு, டை கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்தான். பார்க்க நன்றாகவே இருந்தது. அன்று மாலை புத்தகத்தை மூடும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பதினேழு பக்கம் படித்திருந்தேன்.

அடுத்த நாள் பத்தொன்பது.

ஐயா, ஒரு மருந்து வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கும் மருத்துவர் அடுத்து என்ன செய்வாரோ அதைத்தான் நானும் செய்தேன். அளவைக் கூட்டினேன்.

திங்கட்கிழமைதோறும் கால் அங்குலம். அவனிடம் மொத்தம் ஐந்து சட்டைகள். ஐந்தையும் எடுத்துக்கொண்டு போவான். வெறுமனே இறுக்கு என்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு முறை வேண்டும். ஆகவே ஒரு சோதனையை உண்டாக்கினேன். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகிக் கையை எடுத்துவிட வேண்டும். டிக்கெட் விழுந்தால் காலர் பெரிது. நின்றால் சரி. பழைய காலத்துத் தையற்காரர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் என்றும் எழுதினேன். அப்படி யாரும் பார்த்ததில்லை. என் மேசைமேல் அப்போது ஒரு டிக்கெட் கிடந்தது. புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தது.

குழு அதைப் பிடித்துக்கொண்டது. காலை வணக்கத்துக்குப் பதிலாக, "டிக்கெட் நின்னுதா?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

"நின்னுது அண்ணே. குனிஞ்சாலும் விழல."

"குனிய முடியுதா? அப்போ இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க."

'பல் டாக்டர்' என்ற பெயரில் ஒருவர் இருந்தார். உண்மையாகவே பல் மருத்துவர். அவர் மட்டும் ஒருநாள், "எல்லாரும் மூச்சு விடுறீங்களா?" என்று கேட்டார்.

"டாக்டர், கழுத்து உங்க டிபார்ட்மென்ட் இல்ல. நீங்க பல்லோட நிறுத்திக்கோங்க" என்று 'இரட்டை மடிப்பு' பதில் போட்டார். நானூறு பேர் அதை ஆமோதித்தார்கள். டாக்டர் வருத்தப்பட்டு, மறுநாள் தானும் ஒரு படம் போட்டார். டிக்கெட் நின்றிருந்தது.

யாருக்கும் முகம் தெரியவில்லை என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன். காலருக்கு மேலே என்ன நிறம் ஏறிக்கொண்டிருந்தது என்பது அந்த நாற்பதாயிரம் பேரில் எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் அடுத்த மேசையில் இருந்தேன். வானொலி காலையில் ரோஜா நிறத்தில் இருப்பான். மதியத்துக்குள் செங்கல். நான்கு மணிக்குக் கத்தரிக்காய்.

நான்காவது வாரம் அவன் என்னைத் தன்னோடு கடைக்கு வரச் சொன்னான், சட்டைகளைத் தூக்க. நான் புத்தகத்தோடு போனேன்.

அவள் ஐந்து சட்டைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"போன வாரம்தானே தள்ளித் தைச்சேன்."

"இன்னும்... கால்" என்றான். அப்போதே அவன் வாக்கியங்கள் சுருங்கியிருந்தன.

"உங்க கழுத்து பதினஞ்சரை சார். நானே அளந்தேன். இது யாரோட கழுத்துக்கு?"

"என்... கழுத்துதான்."

"அது என்ன சார் பாவம் பண்ணுச்சு உங்களுக்கு?"

அவன் சிரிக்க முயன்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னாங்க இப்படித் தைக்கச் சொல்லி?"

"ஒரு பெரியவர்."

"அந்தப் பெரியவருக்குக் கழுத்து இருக்கா, இல்ல தோளிலேயே தலை உட்கார்ந்திருக்கா?"

நான் பக்கத்தைத் திருப்பினேன். அந்தக் கடையில் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

என்மேல் வைக்கப்பட்டிருக்கும் குற்றச்சாட்டில் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டிருக்கிறது. நான் அவனை இறுக்கச் சொன்னதால்தான் அவன் வாரம் தவறாமல் அவள் கடை வாசலை மிதித்தான். நான் அவனுக்குத் தடையாக இருந்தேன் என்பது சரியல்ல. வாசல்வரை கொண்டுபோய் விட்டது நான்தான். வாய் திறப்பதைப் பற்றித்தான் எனக்குக் கருத்து வேறுபாடு இருந்தது.

ஐந்தாவது வாரம் அவன் பேச்சு அநேகமாக நின்றது. ஆனால் எழுத ஆரம்பித்தான். துண்டுத் தாளில் எழுதி என் மேசையில் வைப்பான். 'அண்ணே, அந்த வாத்துக் குடையைக் கேட்டு ஒருத்தர் வந்தார். அவரே வாத்து மாதிரி நடக்கிறார்.' படித்ததும் என் முகத்தைப் பார்ப்பான். அன்று இரண்டு பக்கம் வீணானது. அன்று மாலையே, சட்டைக் கையின் மணிக்கட்டுப் பட்டையை இறுக்கி, கனமான உலோகப் பொத்தான் போடுவது கம்பீரம் என்று எழுதினேன். எழுதுவது குறைந்தது. பிறகு எழுந்து வந்து சைகை காட்டினான். கூர்முனைக் காலணி, ஒரு அளவு சின்னதாக, என்று எழுதினேன்.

ஆறாவது வாரமும் ஏழாவது வாரமும் என் வாழ்வின் நல்ல வாரங்கள். ஒரு சத்தம் இல்லை. வெளியே பேருந்துகள் மேல் தண்ணீர் விழும் ஒலி, உள்ளே மின்விசிறி, அடுத்த மேசையிலிருந்து மெல்லிய விசில் போல ஒரு மூச்சு. முகப்பு அட்டை இல்லாத தடித்த நாவல் ஒன்று அப்போது வந்திருந்தது. ஐந்நூற்று மூன்று பக்கம். ஒரு குடும்பம் தன் வீட்டை விற்பதா வேண்டாமா என்று மூன்று தலைமுறையாக யோசிக்கிறது. யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் அதற்குள் குடியேறிவிட்டேன்.

இதற்கிடையில் வெளியூர்களிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. வங்கியில் ஒருவர் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது கவுன்ட்டருக்குப் பின்னால் மெல்லக் காணாமல் போனார். ஒருவர் தன் திருமணப் பதிவில், சம்மதமா என்று கேட்டதற்கு மூன்று முறை வாய் திறந்து மூடினார். பெண் வீட்டார் அதைத் தயக்கமாக எடுத்துக்கொண்டார்கள். பல் டாக்டர் நோயாளியின் மடியிலேயே விழுந்தார். நம் பொது மேலாளர் புதிய பேருந்துக்கு ரிப்பன் வெட்டும்போது, ரிப்பனுக்கு முன்னால் அவர் விழுந்தார். அவரும் குழுவில் இருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய படங்களுக்கு நான் பலமுறை கருத்து எழுதியிருக்கிறேன். நல்ல தோள்கள்.

மொத்தம் பதினேழு பேர். யாரும் சாகவில்லை. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் குறிப்பாகக் கேட்ட வியாழக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் வெள்ளி; அவள் கடையைக் காலிசெய்யும் நாள். மதியம் மூன்று மணிக்கு 'பழைய பொத்தா'னுக்குத் தனிச்செய்தி வந்தது. அனுப்பியவன் எனக்கு ஐந்து அடி தள்ளி உட்கார்ந்திருந்தான். அவன் கட்டைவிரல் திரையில் மெதுவாக நகர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'ஐயா, வணக்கம். நாளை ஒருவரிடம் ஒரு முக்கியமான விஷயம் பேச வேண்டும். அவர் ஊரை விட்டுப் போகிறார். நாளை விட்டால் இல்லை. இந்த ஏழு வாரமாக நீங்கள் சொன்னபடியே நடந்திருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். பேசும்போது மட்டும் மேல் பொத்தானைக் கழற்றலாமா?'

நான் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தேன்.

அவசரத்தில் எதையும் செய்யவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். இருபது நிமிடம் யோசித்தேன். அவள் மறுத்தால் அவன் அதைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசுவான். சம்மதித்தால் இன்னும் அதிகம் பேசுவான். அவன் பேசவே முடியாமல் போனால், அவள் ஊருக்குப் போய்விடுவாள். அவன் கொஞ்ச நாள் வருத்தமாக இருப்பான். வருத்தப்படுபவர்கள் பெரும்பாலும் அமைதியானவர்கள். தொண்ணூற்றொரு பக்கம் மீதி இருந்தது. இப்படி எல்லாப் பக்கமும் பார்த்துத்தான் எழுதினேன்.

'கழற்றக் கூடாது. நாளைக்கு மட்டும் அரை அங்குலம்.'

அவன் படித்தான். தலையாட்ட முயன்றான். பிறகு முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்து. நானும் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அந்த அரை அங்குலத்தை அவன் அவளிடம் கொடுத்துத் தைக்கவில்லை. சொல்லப்போகும் நாளில் அவளிடமே எப்படிக் கொடுப்பது என்ற கூச்சம். வீட்டில் தானே ஊசி எடுத்துத் தள்ளித் தைத்திருக்கிறான். இது பின்னால் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சைகையால் என்னைக் கூப்பிட்டான். துணைக்கு வரச் சொன்னான். போனேன். பக்கம் நானூற்று நாற்பதில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு போனேன். கூர்முனைக் காலணியோடு சாலையைக் கடக்க அவனுக்கு வெகு நேரம் ஆனது. இரண்டு பேருந்துகள் நின்று வழிவிட்டன. ஓட்டுநர் ஒருவர், "என்ன வானொலி, சிக்னல் கிடைக்கலையா?" என்று கத்தினார்.

அவள் கம்பியிலிருந்த கடைசிப் பேன்ட்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் கையிலிருந்ததை வைத்துவிட்டு நின்றாள். அவள் காத்திருந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் இதில் தவறாகவும் இருக்கலாம்.

அவன் வாயைத் திறந்தான். "க்" என்றான்.

"சொல்லுங்க சார்."

"க்."

அவன் கண்கள் பெரிதாயின. சட்டை இளநீலமாக இருந்திருந்தால் முகம் அதைவிடக் கருநீலம். சாம்பலாக இருந்திருந்தாலும் அதே. மூன்றாவது முறை வாய் திறந்தபோது சத்தமே வரவில்லை. இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டினான், முதல் நாள் அந்தப் பொட்டலத்தை நீட்டியது போல. பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து, கம்பியோடும் பேன்ட்களோடும் தரையில் விழுந்தான்.

நான் விரலை எடுக்கவில்லை. இதை நீங்கள் கேட்கவில்லை; நானாகச் சொல்கிறேன்.

அவள் கத்தவில்லை. மேசையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். மண்டியிட்டாள். டையையும் காலரையும் சேர்த்து ஒரே வெட்டு. பொத்தான் தெறித்து எங்கேயோ போனது. அவன் மூச்சை இழுத்த சத்தம் சாலைவரை கேட்டது.

அந்த மூச்சு வெளியே வரும்போதே பேச்சாகத்தான் வந்தது.

"நீங்க போகாதீங்க, போனா நானும் வரேன், அந்த ஒம்போது பேன்ட் வந்த அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன், கையெழுத்து வாங்க மறந்துட்டேன், அதுக்கு மேலிடத்துல திட்டு வாங்கினேன், அந்தத் திட்டுகூட இனிப்பா இருந்துச்சு, நீங்க நாடாவைக் கழுத்துல போட்டுக்கிறப்போ..."

"இருய்யா. மூச்சு விட்டுட்டுப் பேசு."

"மூச்சு விட்டா தைரியம் போயிடும்ங்க."

"போகாது. நீ பேசி முடிக்கிறவரைக்கும் நான் எங்கேயும் போகமாட்டேன்."

அவள் என்ன வாக்குக் கொடுக்கிறாள் என்பதை அவள் அறிந்திருக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அறிந்திருந்தாள்.

அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவள் வெட்டிய காலரைக் கையில் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் தையல் இல்லையே. நீ கால் அங்குலம் கேட்டப்போ எல்லாம் நான் அரைக்கால்தான் தள்ளினேன். அதனாலதான் ஏழு வாரம் உசுரோட இருந்தே."

நான் அதுவரை படித்ததெல்லாம் பாதி அளவு மருந்திலேயே படித்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. மற்ற பதினாறு பேருக்கும் அப்படி ஏமாற்ற ஒரு தையற்காரி இருக்கவில்லை.

அவன் கைபேசி தரையில் கிடந்தது. அவள் அதை எடுத்தாள். வியாழக்கிழமைச் செய்தி திரையில் அப்படியே இருந்தது. "இந்தப் பெரியவரை நான் பாக்கணுமே" என்று என் பெயரைத் தொட்டாள். இரண்டு மாதத்துக்கு ஒரு படமாவது போடாதவர்களைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்பதால் நானும் அந்த வாரம் ஒரு படம் போட்டிருந்தேன், கழுத்தோடு வெட்டி. அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பாக்கெட்டை நான்தான் தைச்சேன். புத்தகத்தைத் திணிச்சுத் திணிச்சுக் கிழிச்சுக்கிட்டு வந்தாரு ஒருத்தரு. வெள்ளை நூல் இல்லாம மஞ்சள் நூல் போட்டேன்."

பிறகு நிமிர்ந்து என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

நான் மௌனங்களை விரும்புகிறவன். நீளமான மௌனங்கள் பலவற்றை அனுபவித்திருக்கிறேன். அது எல்லாவற்றையும்விட நீளமானது. நல்ல மௌனம் என்று சொல்ல முடியாது.

"அண்ணே" என்றான் வானொலி, தரையில் உட்கார்ந்தபடியே. "நீங்களா அந்தப் பெரியவர்?"

நான் மறு கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டேன்.

அவன் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "வாராவாரம் என்னை இவங்க கடைக்கு அனுப்பினது நீங்கதானா? என் மேல இவ்வளவு அக்கறையாண்ணே? ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"யோவ், உன்னைக் கொல்லப் பாத்திருக்காருய்யா" என்றாள் அவள்.

"இல்லீங்க, உங்களுக்கு அண்ணனைத் தெரியாது. அவரு பேசமாட்டாரு. இப்படித்தான் காட்டுவாரு."

அவன் என்னை விடவில்லை. அப்போதுதான் என் விரல் புத்தகத்திலிருந்து நழுவியது.

அவள் அவனை நம்பினாளே தவிர, அவன் சொன்னதை நம்பவில்லை. வெட்டிய காலரும் நீலம் இன்னும் முழுதாக இறங்காத முகமுமாக அவனைப் படம் எடுத்து, 'எல்லோரும் கண்ணாடியில் கொஞ்சம் மேலே பாருங்கள்' என்று எழுதிக் குழுவில் போட்டாள். அந்தக் குழு கண்ட முதல் முகம் அதுதான். உங்களுக்குப் புகார் எழுதியதும் அவள்தான். எழுத்து நன்றாக இருந்தது. ஒரு வார்த்தை அதிகமில்லை.

ஆம் ஐயா, வேண்டுமென்றே செய்தேன். அறிந்தே செய்தேன். ஏழு வாரமும், அந்த வியாழக்கிழமையும். படிக்க அமைதி வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்போது எல்லோரும் இருக்கும் நிலை இது. பதினேழு பேரும் குணமாகிவிட்டார்கள். பொது மேலாளர் காலரே இல்லாத சட்டை போடுகிறார். திருமணப் பதிவில் வாயடைத்தவர் இரண்டாம் முறை சத்தமாகச் சம்மதம் சொல்லிவிட்டார். குழுவில் இப்போது முகத்தையும் காட்ட வேண்டும் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில் பாதிப் பேர் விலகிவிட்டார்கள். வானொலி வேலையை விட்டுவிட்டு அவளோடு அவள் அண்ணன் ஊருக்குப் போனான். திருமணம் ஆகிவிட்டது. பெரிய கடையில் முன்பக்கம் நின்று வருகிறவர்களிடம் பேசுவது அவன் வேலை. கூட்டம் அதிகமாம், துணி கொடுக்க வருகிறவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்களாம். என்னை வேலையிலிருந்து நீக்குவதா என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த மேசைக்கு இனி யாரையும் போடப்போவதில்லை என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்டதும் அதுதான்.

வாரம் இரண்டு முறை அந்தக் கடைக்குத் தொலைபேசியில் பேசி, பேன்ட் கீழ்மடிப்பு எவ்வளவு நாளாகும் என்று விசாரிக்கிறேன். அவன் எடுப்பான். நான் ரிசீவரை மேசைமேல் வைத்துவிடுவேன். நாற்பது நிமிடம் ஆகும். அவனுடைய தொண்டை முழுவதும் தேறிவிட்டதா என்று உங்கள் விசாரணைக்காகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது; வேறொன்றுமில்லை. மற்ற நேரமெல்லாம் அறை மிகவும் அமைதியாக இருக்கிறது. மூன்று மாதமாக நானூற்று நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். வேறு புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தேன். பயணிகள் இப்போதெல்லாம் நல்ல புத்தகங்களைத் தொலைப்பதில்லை.